காசோவரியின் காட்டில்

சனிக்கிழமை, டெய்ன்ட்ரீ

ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரிலிருந்து வடக்கே கடலை ஒட்டி வரும் சாலை டெய்ன்ட்ரீ ஆற்றங்கரையில் நின்றுபோகிறது. பாலம் கிடையாது. கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு நகரும் மிதவையில் காரை ஏற்றி, உப்புநீர் முதலைகள் வாழும் ஆற்றைக் கடந்தால்தான் அக்கரைக் காடு. பாலம் இல்லாததும் அந்தப் பக்கம் இன்னும் காடாகவே இருப்பதற்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மிதவையை விட்டு இறங்கிச் சிறிது தூரம் போனதுமே மஞ்சள் பலகை ஒன்று வந்தது. அதில் கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய பறவையின் உருவமும் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் வாசகமும் இருந்தன.

அந்தப் பறவைக்காகத்தான் அக்காவும் நானும் வந்திருக்கிறோம். காசோவரி. பறக்காது, மழைக்காட்டின் தரையில் நடந்தே வாழ்நாளைக் கழிக்கும். உலகில் மூன்று இனங்கள் உண்டு, மூன்றுமே நியூ கினியில் வாழ்பவை. அவற்றில் தென் காசோவரி மட்டும் ஆஸ்திரேலியாவின் இந்த வடகிழக்கு மூலையிலும் இருக்கிறது. வளர்ந்த பெண் பறவை கழுத்தை நிமிர்த்தினால் ஓர் ஆள் உயரம். எடை 70 கிலோவைத் தாண்டும். ஆண் அதைவிடச் சிறியது. ஆஸ்திரேலியாவில் இதைவிடக் கனமான பறவை வேறில்லை.

இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது 'உலகின் மிக ஆபத்தான பறவை' என்ற பட்டம். எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஒரு காட்டையே நட்டு வளர்க்கும் உயிருக்கு அந்த ஒற்றை அடையாளம் மட்டும் போதுமா? இந்தப் பயணக் குறிப்புகளை அன்றன்றைக்கே எழுதிப் பதிவிட நினைத்ததற்குக் காரணமும் அதுதான்.

மதியத்துக்கு மேல் ஜிண்டால்பா பலகைப் பாதையில் நடந்தோம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே அந்தி நேரத்து வெளிச்சம். விசிறிப்பனைகள், மரத்தைத் தழுவி மேலேறும் முள் பிரம்புகள், காலடியில் நனைந்த சருகு. பறவை கண்ணில் படவில்லை. கிடைத்தது அதன் எச்சம். பாதையோரத்தில், இரண்டு கைகளாலும் அள்ளினால் நிறையும் அளவுக்கு ஒரு குவியல். ஊதாவும் சிவப்பும் கலந்த நிறம். எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி, இந்த மண்ணுக்கு உரியவர்களான கிழக்கு குக்கு யலாஞ்சி மக்களில் ஒருவர், அதன் அருகே குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் விலக்கி விலக்கிக் காட்டினார். முகம் சுளிக்கும்படி நாற்றம் எதுவும் இல்லை. புளித்த பழத்தின் வாசனைதான் வந்தது. மேலெல்லாம் சுருக்கம் விழுந்த உருண்டை விதைகள் நீலக் குவாண்டாங் பழத்தினுடையவை. உள்ளங்கையை அடைக்கும் பெரிய கொட்டை ஒன்று காசோவரிப் பிளம். அந்தப் பழம் நஞ்சு. காசோவரி அதை முழுசாக விழுங்கிவிடுகிறது.

அதன் குடல் உடலின் பருமனுக்குக் குட்டையானது. உள்ளே போன பழம் வெகுநேரம் தங்குவதில்லை. சதை மட்டும் கரைய, விதை உடையாமல், உயிரோடு, உரத்தோடு சேர்ந்து மண்ணில் விழுகிறது. இருநூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்களின் பழங்களை இது தின்பதாகப் பதிவாகியிருக்கிறது. சிறிய விதைகளைப் புறாக்களும் வௌவால்களும்கூடப் பரப்பும். பெரிய கொட்டைகளை முழுசாக விழுங்கித் தொலைவுக்குக் கொண்டுபோகும் வாய் இந்தக் காட்டில் கிட்டத்தட்ட இந்த ஒன்றுக்கு மட்டுமே உண்டு. விழுங்கிய இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் இடையே சில சமயம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தூரம் இருக்கும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தானாக விழும் பழம் சரிவில் கீழ்நோக்கி உருளும். ஓடையில் விழுந்தால் இன்னும் கீழே போகும். மேட்டுக்கு ஏற வேண்டுமென்றால் அதை ஒருவர் சுமந்துதான் ஆக வேண்டும்.

ரைபரோசா என்றொரு மரம் இந்த டெய்ன்ட்ரீக் கடலோரத்தில் சிறிய பரப்பில் மட்டும் வளர்கிறது. அதன் விதைகளை வைத்து ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பழத்திலிருந்து எடுத்து அப்படியே விதைத்தவற்றில் முளைத்தவை சுமார் 4 சதவீதம். காசோவரியின் வயிற்றைக் கடந்து வந்தவற்றில் முளைத்தவை சுமார் 92 சதவீதம். வழிகாட்டி இதைச் சொன்னபோது அக்கா எச்சக் குவியலைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு மெதுவாக, "அப்படியானால் இது நாற்றங்கால் அல்லவா?" என்றாள்.

ஞாயிறு, கேப் ட்ரிபுலேஷன்

விடிவதற்கு முன்பே எழுந்து டுபூஜி பாதையின் வாயிலில் போய் நின்றோம். பறவைகளின் கூச்சல் தொடங்கியிருந்தது. அதற்கு அடியில் வேறொன்று வந்தது. காதில் விழுவதற்கு முன் மார்புக்கூட்டில் தெரிந்தது. தொலைவில் எங்கோ ஒரு கனமான எந்திரம் முறுக்கி ஓய்ந்ததாக அக்கா நினைத்தாள். எந்திரம் எதுவும் இல்லை. மீண்டும் வந்தது, பிறகு இல்லை.

பறவைகளின் குரல்களில் இதுவரை அளந்தவற்றுள் மிகத் தாழ்ந்தது காசோவரியுடையது. நியூ கினியில் பதிவு செய்தபோது குள்ளக் காசோவரியின் ஒலி 23 ஹெர்ட்ஸ் வரைக்கும், தென் காசோவரியின் ஒலி 32 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கியது. மனிதக் காது கேட்கக்கூடிய எல்லையே ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ்தான். அடர்ந்த காட்டில் மெல்லிய கீச்சொலி இலைகளில் மோதிச் சிதறிவிடும்; இந்தக் கனத்த அதிர்வு நெடுந்தொலைவு ஊடுருவும். தனித்தனியே வாழும் பறவைகளுக்கு அது போதும்.

பறவையை இன்றும் பார்க்கவில்லை. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. டெய்ன்ட்ரீ தேசியப் பூங்கா 2021-இல் குக்கு யலாஞ்சி மக்களின் உரிமைக்குத் திரும்பி வந்தது. இப்போது அவர்களும் குயின்ஸ்லாந்து அரசும் சேர்ந்து நிர்வகிக்கிறார்கள். நேற்று எச்சத்தின் அருகே உட்கார்ந்திருந்த மனிதரின் பொறுமையைப் பார்த்த பிறகு, அந்தச் செய்தி எனக்கு வெறும் செய்தியாக இல்லை.

திங்கள், சாலையில்

நாள் முழுக்கப் பயணம். மறுபடி மிதவை, மாஸ்மன், கெய்ர்ன்ஸ், அங்கிருந்து புரூஸ் நெடுஞ்சாலையில் தெற்கே. இரு பக்கமும் கரும்பும் வாழையும். காடு தொலைவில் மலைச்சரிவுகளில் மட்டும். இந்தச் சமவெளியும் ஒரு காலத்தில் மழைக்காடாக இருந்தது என்பதை நினைக்காமல் கரும்புத் தோட்டங்களைக் கடக்க முடியவில்லை. இரவு மிஷன் பீச் வந்து சேர்ந்தோம்.

செவ்வாய், மிஷன் பீச்

மழை. இங்கே மழை பெய்வதில் வியப்பு என்ன இருக்கிறது? பக்கத்து ஊரான டல்லியில் ஆண்டுக்குச் சராசரியாக 4,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. 1950-இல் பெய்த 7.9 மீட்டர் மழையின் நினைவாக அதே உயரத்தில் ஒரு தங்கநிற ரப்பர் பூட்ஸைச் சிலையாக நிறுத்தியிருக்கிறார்கள். வெளியே போக வழியில்லை. படித்ததை எழுதுகிறேன்.

முதலில் அந்த 'ஆபத்தான பறவை' கதை. காசோவரியின் காலில் மூன்று விரல்கள். உள்விரலின் நகம் நேராக, கூராக, 12 சென்டிமீட்டர் வரை வளரும். அது உதைத்தால் தாங்குவது கடினம். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் காசோவரியால் மனிதர் இறந்ததாக உறுதியாகப் பதிவான நிகழ்ச்சி ஒன்றே ஒன்று. 1926 ஏப்ரலில், நேற்று நாங்கள் கடந்துவந்த மாஸ்மன் பகுதியில், 16 வயதுப் பையன் ஒருவன் தம்பியோடும் நாயோடும் சேர்ந்து பறவையைத் தடியால் அடித்துக் கொல்லப் போனான். ஓடும்போது தடுக்கி விழுந்தான், கழுத்தில் உதை பட்டது. 2019-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 75 வயது மனிதர் ஒருவர் தாமே வளர்த்த காசோவரியின் அருகே கீழே விழுந்து, தாக்கப்பட்டு இறந்தார். அந்தப் பையனுக்காகவும் அந்த முதியவருக்காகவும் வருத்தப்படுகிறேன். அதற்காக, காட்டில் தன் வழியே போய்க்கொண்டிருக்கும் பறவையைக் கொலைகாரன் என்று எழுதுவது நியாயம் ஆகாது.

இதைவிட முக்கியமானது 1999-இல் வெளியான ஒரு குயின்ஸ்லாந்து ஆய்வு. மனிதர்கள் மீதான 150 தாக்குதல்களை அது ஆராய்ந்தது. அவற்றில் முக்கால்வாசித் தாக்குதல்களில் ஈடுபட்டவை, முன்பு மனிதர் கையால் உணவு வாங்கிப் பழகிய பறவைகள். பழம் நீட்டும் கையைத் தேடி வரும் பறவை, அடுத்த கையில் பழம் இல்லாதபோது உதைக்கிறது. ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மழை விடவில்லை. நியூ கினியைப் பற்றியும் படித்தேன். தென் காசோவரியின் கழுத்தில் சிவப்புச் சதை இரண்டு தொங்கும். வட காசோவரிக்கு ஒன்று. மலைப்பகுதியில் வாழும் குள்ளக் காசோவரிக்கு எதுவும் இல்லை. அந்தத் தீவின் மேட்டுநிலக் குகைகளில் அகழ்ந்தெடுத்த பழைய முட்டையோடுகளை ஆராய்ந்து, 2021-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. 18,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் காசோவரி முட்டைகளை எடுத்திருக்கிறார்கள். அவற்றில் பலவும் குஞ்சு பொரிக்கும் தறுவாயில் இருந்தவை. குஞ்சுகளை வளர்த்திருக்கவும் கூடும் என்கிறது கட்டுரை. பொரித்தவுடன் காசோவரிக் குஞ்சு தான் முதலில் பார்க்கும் உயிரைத் தொடர்ந்து போகும். கோழியை மனிதன் பழக்குவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு மலைக்குகையின் வாசலில் ஒரு குழந்தையின் பின்னால் காசோவரிக் குஞ்சு நடந்திருக்கலாம் என்ற எண்ணத்தை என்னால் விட முடியவில்லை.

புதன், லேஸி க்ரீக்

பார்த்துவிட்டோம்!

ஜீரூ தேசியப் பூங்காவில், எல் அரிஷ் சாலையோரம் லேஸி க்ரீக் நடைபாதை தொடங்குகிறது. நேற்றைய மழையில் ஓடை நிறைந்து ஓடியது. ஓடையைத் தாண்டிப் பாதை வளையும் இடத்தில் அக்கா என் முழங்கையைப் பற்றி நிறுத்தினாள். "அசையாதே. இடது பக்கம். குனிந்திருக்கிறது."

முதலில் தெரிந்தது கழுத்தின் நீலம். காட்டின் பச்சைக்குள் அப்படியொரு நிறம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிடரியில் ஆரஞ்சுச் சிவப்பு, முன்கழுத்தில் தொங்கும் இரண்டு சிவப்புச் சதைகள், தலையில் பழுப்பான உயர்ந்த கொண்டை. உடல் முழுக்கக் கறுப்பு. சிறகு என்பதைவிட முடி என்றே சொல்லலாம். இறக்கை இருந்த இடத்தில் சில வெறும் தண்டுகள் மட்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தன. முட்செடிகளை விலக்க அவை உதவும் என்கிறார்கள். அந்த உடலை உள்ளே தள்ளினால் பிரம்புக் காடு வழிவிடும் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

கொண்டை எதற்காக என்பதில் பலவிதக் கருத்துகள் இருந்தன. புதரை இடித்துக்கொண்டு ஓட, விழும் பழங்களிடமிருந்து தலையைக் காக்க, குரலைப் பெருக்க. 2019-இல் வெப்பத்தைப் படம் பிடிக்கும் கருவியை வைத்துச் செய்த ஆய்வு இன்னொரு பயனைக் காட்டியது: வெயில் ஏறும்போது பறவை கொண்டை வழியே சூட்டை வெளியேற்றுகிறது, குளிர்ந்த வேளையில் அதைக் காத்துக்கொள்கிறது. கறுப்பு உடலோடு வெப்பமண்டலத்தில் வாழும் பெரிய பறவைக்கு இது தேவைதான். எனக்கு இந்த விளக்கம்தான் மனத்துக்கு ஒத்துவருகிறது.

பறவை நிமிர்ந்தது. அதன் கால்களுக்கு நடுவிலிருந்து குஞ்சுகள் வெளியே வந்தன. மூன்று. பழுப்பும் வெளிர்மஞ்சளுமாக நீளக் கோடுகள், அணிற்பிள்ளையின் முதுகைப் போல. அப்படியானால் இது தந்தை. காசோவரியில் பெண் முட்டையிட்டதோடு சரி. அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். சருகுப் படுக்கையில் கிடக்கும் பச்சை நிற முட்டைகளின் மேல் சுமார் 50 நாள் அடைகாப்பது ஆண். அந்த நாட்களில் அது இரை தேடுவதே அரிது. பொரித்த பிறகு ஏறக்குறைய ஒன்பது மாதம் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு திரிந்து, எந்த மரத்தடியில் எப்போது பழம் விழும் என்று நடந்து நடந்தே காட்டிக்கொடுப்பதும் ஆண்தான்.

ஒரு பழத்தை அலகு நுனியில் எடுத்து, தலையைப் பின்னால் வீசி விழுங்கியது. அடுத்த பழத்தை எடுத்துவிட்டு, விழுங்காமல் கீழே போட்டது. ஒரு குஞ்சு ஓடிவந்து கொத்தியது. மறுபடி எடுத்து, மறுபடி போட்டது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். இத்தனை கனிவை அந்தப் பட்டத்துக்குள் எந்த மூலையில் வைப்பார்கள்?

குஞ்சோடு இருக்கும் ஆணிடம் நெருங்கக் கூடாது. ஓடவும் கூடாது, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காட்டுக்குள்ளேயே ஓடும் உயிர் அது. முதுகைக் காட்டாமல் பின்னோக்கி மெதுவாக நகர வேண்டும், நமக்கும் அதற்கும் இடையில் ஒரு மரமோ பையோ இருக்க வேண்டும். அப்படியே செய்தோம். அது எங்களை ஒருமுறை பார்த்தது. பிறகு குஞ்சுகளோடு ஓடைப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

வியாழன், எட்டி பே

இன்னிஸ்ஃபெயிலுக்குப் பக்கத்தில் சிறிய குடாக் கடற்கரை. மழைக்காடு மணல் வரை இறங்கிவரும் இடம். காசோவரிகள் கடற்கரையிலேயே உலாவும். இங்கே பார்ப்பது எளிது என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். வந்த கொஞ்ச நேரத்திலேயே பெரிய பெண் ஒன்று அலை ஓரமாக நடந்து வந்தது. கறுப்பு உடலுக்குப் பின்னால் கடல் பளபளக்க, நிகரற்ற காட்சி.

ஆனால் நேற்றைய மகிழ்ச்சி இன்று வரவில்லை. அது மரத்தடிகளைத் தேடவில்லை. நாற்காலிகளையும் பைகளையும் தேடியது. ஒருவர் கைபேசியை ஒரு கையிலும் மாம்பழத் துண்டை மறு கையிலும் நீட்டிக்கொண்டு அதன் முன் போனார். அக்கா எழுந்து போய், "தயவுசெய்து கொடுக்காதீர்கள் ஐயா, உங்களுக்குப் பிறகு இங்கே வரும் குழந்தையை அது உதைக்கும்" என்று நேராகவே சொன்னாள். அவர் கையை மடக்கிக்கொண்டார். குயின்ஸ்லாந்தில் காசோவரிக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம், அபராதமும் உண்டு. பலகை கண்ணெதிரே இருக்கிறது. கையுணவுக்குப் பழகிய பறவை சாலையோரத்தில் நிற்கக் கற்றுக்கொள்கிறது. காரில் அடிபட்டுச் சாவது இங்கே காசோவரிகளின் சாவுக்கான முதன்மைக் காரணங்களில் ஒன்று. நாய்கள் குதறுவது இன்னொன்று.

வெள்ளி, மறுபடி மிஷன் பீச்

ஊர்க்காரர்கள் நடத்தும் நாற்றங்கால் ஒன்றில் இன்றைய நாள். வேலை என்னவென்றால், காட்டிலிருந்து எடுத்துவந்த காசோவரி எச்சத்தை வாளியில் கரைத்து, வலையில் வடித்து, விதைகளைக் கழுவி இனம் பிரிப்பது. முதல் நாள் குந்தி உட்கார்ந்து பார்த்த அதே சுருக்கம் விழுந்த குவாண்டாங் விதைகள் இங்கே தட்டுத் தட்டாக.

பொறுப்பாளரான பெண்மணி புயல்களைப் பற்றிப் பேசினார். 2006 மார்ச்சில் லேரி இன்னிஸ்ஃபெயிலைத் தாக்கியது. காடு மீளும் முன்பே 2011 பிப்ரவரியில் யாசி மிஷன் பீச் அருகே கரையேறியது. ஒரே இரவில் இலை, பூ, காய் எல்லாம் போயிற்று. பசித்த பறவைகள் சாலைகளுக்கும் வீட்டுக் கொல்லைகளுக்கும் வந்தன. அப்போது பூங்கா ஊழியர்கள் பழங்களைச் சுமந்துபோய், மனிதர் கண்ணில் படாத இடங்களாகப் பார்த்துக் காட்டுக்குள் வைத்தார்கள். "பசிக்கு வைப்பதும் படத்துக்கு நீட்டுவதும் ஒன்றல்ல, அம்மா" என்று அவர் அக்காவிடம் சொன்னார்.

இங்குள்ள ஈர வெப்பமண்டலக் காடுகள் 1988 முதல் உலகப் பாரம்பரியப் பகுதி. அதில் ஏறக்குறைய 4,400 காசோவரிகள் இருக்கலாம் என்பது 2014-இல் வெளியான மதிப்பீடு. ஆஸ்திரேலியச் சட்டம் இங்குள்ள காசோவரிகளை அழியும் ஆபத்தில் உள்ளவையாகப் பட்டியலிட்டிருக்கிறது. நியூ கினியையும் சேர்த்து உலக அளவில் பார்க்கும்போது தென் காசோவரி இப்போது குறைந்த கவலைக்குரிய இனம் என்கிறார்கள். அந்தச் சொற்றொடரால் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. லேஸி க்ரீக்கில் அந்தத் தந்தை கடக்க வேண்டிய சாலைக்கு நியூ கினியால் என்ன பயன்?

காடு துண்டு துண்டாகிக் கிடப்பதுதான் இங்கே பெரிய சிக்கல். ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குப் போகப் பறவை கரும்பையும் தார்ச்சாலையையும் தாண்ட வேண்டியிருக்கிறது. அதனால் இரண்டு துண்டுகளுக்கு இடையே நிலம் கிடைக்கும் இடங்களில் மரம் நட்டு இணைப்புப் பாதை உண்டாக்குகிறார்கள். இந்த நாற்றுகள் அங்கேதான் போகும். எந்தக் குவியலிலிருந்து எந்த விதை வந்தது என்று குறித்துவைப்பது கட்டாயம். எடுத்த இடத்துக்கு அருகிலேயே நட வேண்டும் என்பது அவர்களின் விதி.

அக்காவின் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சீட்டு எழுதும் வேலையை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். இடம், தேதி, மரத்தின் பெயர். நான் தட்டுகளில் மண் நிரப்பி, கொட்டைகளைப் பாதி புதைத்துக்கொண்டிருக்கிறேன். குவாண்டாங் முளைக்க மாதக்கணக்கில் ஆகுமாம். நாளைக்குக் கெய்ர்ன்ஸில் விமானம் ஏற வேண்டும். காலையில் கிளம்புவதற்குள் மீதித் தட்டுகளையும் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறோம்.